மூளையின் படமும் ஆச்சியின் மறதியும்

“ஆச்சிக்கு அறளை பெயர்ந்துவிட்டது.” ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் இந்த வார்த்தையைக் கேளாத குடும்பம் இல்லை எனலாம். சொல்லிவிட்டுச் சிலர் சிரிப்பார்கள். சிலர் பெருமூச்சு விடுவார்கள். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். வயது போனால் மறதி வரும், அதற்கு மருந்து ஏது என்பது நம்மவரின் முடிவு. அந்த முடிவு சரிதானா என்பதை இவ்வாரம் சற்று ஆறுதலாக இருந்து பார்ப்போம்.

முதலில் ஒரு வீட்டை மனக்கண்முன் நிறுத்துங்கள். ஆச்சிக்கு வயது 76. அப்பு காலமாகிப் பத்து வருடம். மூத்த மகன் பிரான்சில் இருக்கிறான். இளையவனும் அவன் மனைவியும் ஆச்சியுடன் இருக்கிறார்கள். ஆச்சி தன் காப்பு இரண்டையும் பழஞ்சீலைத் துண்டில் முடிந்து அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு, மறுநாள் அலுமாரியில் தேடுகிறார். காணவில்லை. மருமகள் எடுத்துவிட்டாள் என்று அயலெல்லாம் சொல்லுகிறார். மத்தியானம் சாப்பிட்டு அரை மணித்தியாலம் ஆகுமுன்னே, இந்த வீட்டில் தனக்கு ஒருவாய் சோறு தருவாரில்லை என்று தொலைபேசியில் மூத்தவனிடம் அழுகிறார். அவன் கொதித்தெழுகிறான், தம்பியோடு பேச்சை நிறுத்துகிறான். பானையின் அடியிலிருந்து காப்பு அகப்படும்போது ஆறு மாதம் சென்றுவிட்டது. குடும்பமும் இரண்டாகிவிட்டது. இது நாம் கற்பித்த குடும்பம்தான். ஆனால் இதைப்போன்ற ஒன்றை உங்களிற் பலர் உங்கள் ஒழுங்கையிலேயே கண்டிருப்பீர்கள்.

அந்த மருமகள் கள்ளியல்ல. ஆச்சியும் பொய்க்காரியல்ல. புதிய நிகழ்ச்சியொன்றைப் பதிந்து வைக்கும் சக்தி ஆச்சியின் மூளையில் குன்றிவிட்டது. தான் ஒளித்து வைத்தது பதியவில்லை. ஆகவே காப்பு தானாக மறைந்ததாகத் தோன்றுகிறது. தானாக மறையாது, யாரோ எடுத்திருக்க வேண்டும் என்று மனம் கணக்குப் பார்க்கிறது. கணக்கு சரியானதே, கணக்கிற்கு வேண்டிய ஒரு செய்திதான் இல்லாமற் போயிற்று. இப்படி நினைவும் அறிவும் படிப்படியாகக் குன்றி, அன்றாடக் கருமங்களையே செய்ய முடியாத நிலைக்குக் கொண்டுவரும் நோய்களை மருத்துவர்கள் டிமென்சியா என்ற பொதுப்பெயரால் அழைக்கிறார்கள். காய்ச்சல் என்பது எப்படிப் பல நோய்களின் அடையாளமோ, அப்படியே டிமென்சியாவும் பல நோய்களின் அடையாளம். அவற்றுள் மிகக் கூடுதலாகக் காணப்படுவது அல்சைமர் நோய்.

அந்தப் பெயரின் வரலாறு சுருக்கமானது. 1901ஆம் ஆண்டு ஜேர்மனியின் பிராங்போர்ட் நகரில் அகுஸ்ரே டீற்றர் என்ற 51 வயதுப் பெண்ணை அவருடைய கணவர் வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தார். கணவரின் பெயர் என்னவென்று டொக்டர் அலோய்ஸ் அல்சைமர் கேட்டபோது, அவர் தம்முடைய பெயரையே மறுமொழியாகச் சொன்னார். 1906இல் அவர் இறந்தபின் மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார் அல்சைமர். நரம்புக் கலங்களுக்கு வெளியே படிவுகளும், கலங்களுக்கு உள்ளே முறுகிய நார்ச் சிக்கல்களும் தென்பட்டன. படிவுகள் அமிலோயிட் என்ற புரதத்தாலும் சிக்கல்கள் ரௌ என்ற புரதத்தாலும் ஆனவை என்பது பல பத்தாண்டுகள் கழித்தே தெளிவாயிற்று. இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. நோயை நிச்சயமாக அறிய வேண்டுமானால் நோயாளி இறக்க வேண்டியிருந்தது. உயிரோடு இருப்பவரின் மண்டையோட்டைத் திறவாமல் உள்ளே பார்க்க வழியில்லை. சாதாரண எக்ஸ்ரே படத்தில் எலும்பு தெரியும்; மூளை தெரியாது.

படம் பிடிக்கும் கலை

அந்தக் கதவைத் திறந்தவர் வைத்தியர் அல்லர், ஒரு பொறியியலாளர். இசைத்தட்டு வெளியிடுவதில் பெயர்பெற்ற ஈ.எம்.ஐ. என்ற ஆங்கில நிறுவனத்தில் வேலை பார்த்த கொட்பிறி ஹவுண்ஸ்பீல்ட் என்பவர், எக்ஸ்ரே கதிரைத் தலையைச் சுற்றிப் பல கோணங்களிலிருந்து செலுத்தி, கிடைக்கும் அளவுகளைக் கணனியால் கூட்டிச் சேர்த்தால் மூளையின் குறுக்குவெட்டைக் காணலாம் என்று கண்டார். பாணை வெட்டாமலே அதன் ஒவ்வொரு துண்டையும் பார்ப்பது போன்ற வித்தை இது. 1971 ஒக்ரோபர் 1ஆம் திகதி இலண்டனிலுள்ள அற்கின்சன் மோர்லி வைத்தியசாலையில் முதலாவது நோயாளியின் மூளை இவ்வாறு படம் பிடிக்கப்பட்டது. இதுவே சி.ரி. ஸ்கான். 1979இல் ஹவுண்ஸ்பீல்டுக்கும், இதன் கணிதத்தைத் தனியாக வகுத்திருந்த அலன் கோமக் என்பவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மறதி நோயைப் பொறுத்தவரை சி.ரி. ஸ்கானின் பெரிய உதவி, வேறு நோய் ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று காட்டுவதுதான். கிணற்றடியில் வழுக்கி விழுந்து தலையடிபட்ட முதியவருக்கு அன்று ஒன்றும் தெரியாது. மூன்று நான்கு கிழமை சென்றபின் தடுமாற்றமும் மறதியும் நித்திரைக் குணமும் தொடங்கும். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையில் இரத்தம் மெல்ல மெல்லக் கசிந்து தேங்கி மூளையை அமுக்குவதால் வருவது இது. வீட்டார் “அறளை” என்று விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஸ்கானில் கண்டுகொண்டால், சிறு துளையிட்டு இரத்தத்தை வெளியேற்றி, முதியவரைப் பழையபடி மனிதராக்கி வீட்டுக்கு அனுப்பக்கூடும். அவ்வாறே மூளைக்குள் இருக்கும் அறைகளில் நீர் மிகுந்து தேங்குவதாலும் மறதி வரலாம். அத்தகையவரின் கால்கள் நிலத்தோடு ஒட்டிக்கொண்டதுபோல நடை மாறும். சிறுநீரும் அடக்க முடியாமற் போகும். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் வைத்தியரிடம் விரைந்து சொல்லுங்கள். குழாய் வைத்து நீரை வடியவிடும் சத்திரசிகிச்சையால் பலர் தேறியிருக்கிறார்கள். மூளைக் கட்டிகளும் பழைய பக்கவாதத் தழும்புகளும் இதே படத்தில் தெரியும்.

கடலிலும் மூளையிலும் உள்ள குதிரை

அடுத்தது எம்.ஆர்.ஐ. இதில் எக்ஸ்ரே இல்லை. வலிமை மிக்க காந்தம் ஒன்றின் நடுவே நோயாளியைப் படுக்க வைத்து, வானொலி அலை போன்ற அலையைச் செலுத்துவார்கள். நம் உடம்பிலுள்ள நீரின் ஐதரசன் அணுக்கள் அந்த அலைக்கு அசைந்து, மறுபடி ஓயும்போது ஒரு சமிக்கையைத் திருப்பி அனுப்பும். ஒவ்வொரு திசுவிலும் நீரின் அளவும் தன்மையும் வேறானபடியால் படம் மிகத் துலக்கமாக விழும். இக்கலைக்காகப் போல் லோற்றபர், பீற்றர் மான்ஸ்பீல்ட் இருவருக்கும் 2003இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இப்போது நம் கடற்றொழிலாளர் கேட்டு மகிழக்கூடிய ஒரு செய்தி. வலையில் சில வேளை கடற்குதிரை அகப்படும் அல்லவா? அதே கடற்குதிரையின் பெயரைத்தான், கிரேக்க மொழியில், நம் மூளையின் ஒரு பகுதிக்கு முன்னோர் வைத்தார்கள். காதுக்கு உட்புறமாக, இரு பக்கமும் ஒவ்வொன்றாக, வளைந்த உருவில் அது கிடக்கிறது. சின்ன விரலளவு பருமன் இருந்தால் அதிகம். ஆனால் இன்று காலை நடந்ததை நாளை நினைப்பதற்கு இதுவே வாசல். அல்சைமர் நோய் மிக முந்திக் கைவைக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. ஆரோக்கியமான முதியவரில் இந்தக் கடற்குதிரை ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று அல்லது ஒன்றரைப் பங்கு சுருங்கும். அல்சைமர் நோயாளரில் நான்கு, ஐந்து பங்கு சுருங்கும். ஆகவே, ஒரு முறை எடுத்த படத்தைவிட, ஒன்று இரண்டு வருடம் விட்டு மறுபடியும் எடுத்து ஒப்பிடும் படம் அதிகம் பேசும்.

ஆச்சி காலையில் என்ன சாப்பிட்டார் என்று மறந்துவிட்டு, அறுபது வருடத்துக்கு முந்தி பாய்க்கப்பலிலே கச்சதீவு அந்தோனியார் திருநாளுக்குப் போன கதையை ஒரு சொல்லும் பிசகாமல் சொல்லுவதன் இரகசியமும் இங்கேதான் இருக்கிறது. பழைய நினைவுகள் வாசலைக் கடந்து மூளையின் பரந்த மேற்பட்டையில் குடியேறிவிட்டவை. வாசல் அடைபட்டாலும் உள்ளே இருப்பவை நெடுநாள் இருக்கும். “பழசெல்லாம் நினைவிருக்குது, புதிசு மட்டும் மறந்துபோகுதாம், இது நடிப்பு” என்று சொல்லும் பிள்ளைகளே, தயவுசெய்து இந்தப் பந்தியை இன்னொரு முறை வாசியுங்கள்.

எம்.ஆர்.ஐ. படத்தில் இன்னொன்றும் தெரியும். இரத்த அழுத்தமும் சீனி வியாதியும் பல வருடம் கவனிப்பாரற்று இருந்தவர்களின் மூளையில், நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபட்ட இடங்கள் வெள்ளைத் திட்டுகளாய்க் காணப்படும். இரத்த ஓட்டக் குறைவால் வரும் இந்த மறதி நோய் நம் நாடுகளில் அரிதன்று. பல வேளை அல்சைமருடன் சேர்ந்தே வரும். இத்திட்டுகளைக் கண்டவுடன் அழுத்தத்தையும் சீனியையும் கட்டுப்படுத்தத் தொடங்கினால், மேலும் பழுதாவதை மெதுவாக்க இடமுண்டு.

இருபது வருடம் முந்திய எச்சரிக்கை

மூன்றாவது பெற் ஸ்கான். இது மூளையின் உருவத்தை விட்டு, அதன் வேலையையும் அதில் படிந்துள்ள பொருளையும் காட்டுவது. மிகச் சிறிதளவு கதிரியக்கம் கலந்த பொருளொன்றை நாளத்தில் ஏற்றி, அது மூளையில் எங்கே போய்த் தங்குகிறது என்று பார்ப்பார்கள். குளுக்கோசு போன்ற பொருளை ஏற்றினால், பசியோடு வேலை செய்யும் பகுதிகள் ஒளிரும். சோர்ந்த பகுதிகள் மங்கும். அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளங்க், மதிஸ் என்னும் இருவர் அமிலோயிட் படிவோடு ஒட்டிக்கொள்ளும் பொருளொன்றைச் செய்தனர். 2002இல் சுவீடன் நாட்டின் உப்சாலாவில் அது முதன்முதல் ஒரு நோயாளிக்கு ஏற்றப்பட்டது. அல்சைமர் இறந்த மூளையிற் கண்டதை நூறு வருடத்தின் பின் உயிருள்ள மூளையிற் காணும் காலம் அன்று பிறந்தது.

இதனால் விளங்கிய உண்மை திடுக்கிட வைப்பது. மறதி வெளியே தெரிவதற்கு 15, 20 வருடங்களுக்கு முன்பே அமிலோயிட் படியத் தொடங்கிவிடுகிறது. 75 வயதில் காப்பைத் தேடும் ஆச்சிக்கு, பிள்ளைகளின் கலியாண வீட்டில் ஓடியாடிப் பலகாரம் சுட்ட நாளிலேயே நோய் தொடங்கியிருக்கலாம்.

ஆனால் இந்தப் பரிசோதனை நம் தீவுகளுக்கு எவ்வளவு தூரம் என்பதையும் சொல்ல வேண்டும். பிற்ஸ்பேர்க்கில் செய்த அந்த முதற் பொருளின் கதிரியக்கம் 20 நிமிடத்தில் பாதியாகும். குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகு போய்ச் சேர ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்; அதற்குள் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும்! பின்னர் வந்தவை 110 நிமிடம் தாக்குப்பிடிக்கும். எப்படியும் அவற்றை ஆக்கும் பெரும் இயந்திரம் அருகில் இருக்க வேண்டும், செலவும் பெரிது. செல்வந்த நாடுகளிலேயே இது எல்லோருக்கும் செய்யப்படுவதில்லை.

வேறொரு வழி இப்போது திறக்கிறது. மூளையில் நடப்பதன் சாயலை இரத்தத்திலேயே அளக்கும் பரிசோதனை ஒன்றுக்கு, 2025 மே மாதத்தில் அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் முதன்முறையாக அனுமதி வழங்கியது. அறிகுறி உள்ள, 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே அது. படகிலே இயந்திரத்தை ஏற்ற முடியாது. ஒரு சிறு இரத்தக் குப்பியை ஏற்றலாம். தீவார் இந்த வழியிலேயே கண் வைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

படம் மனிதனல்ல

இனி, கத்தோலிக்கராகிய நமக்கு மிக அணுக்கமான ஓர் ஆராய்ச்சி. 1986ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், டேவிட் சினோடன் என்ற ஆராய்ச்சியாளர் நோத்ர்தாம் பள்ளிச் சகோதரிகள் என்ற கன்னியர் சபையை அணுகினார். கன்னியர் எல்லோரும் ஒரே வகை உணவு, ஒரே வகை வாழ்க்கை, புகைத்தல் இல்லை. ஆகவே, ஒருவர் ஏன் மறதியில் வீழ்கிறார், மற்றவர் ஏன் வீழ்வதில்லை என்று ஒப்பிடுவது எளிது. 75 வயதுக்கு மேற்பட்ட 678 சகோதரிகள் ஆண்டுதோறும் நினைவுப் பரிசோதனைக்கு உட்பட்டதோடு, இறந்தபின் தம் மூளையையும் ஆராய்ச்சிக்குக் கொடுக்க இணங்கினார்கள். வாழ்நாள் முழுவதும் பிறருக்குப் படிப்பித்தவர்கள் இறந்த பின்னும் படிப்பித்தார்கள்!

அவர்களுள் ஒரு சகோதரி 101 வயது வரை வாழ்ந்தார். இறுதி வரை பரிசோதனைகளில் நல்ல புள்ளி பெற்றார். ஆனால் அவர் மூளையைத் திறந்தபோது, அல்சைமர் நோயின் படிவுகளும் சிக்கல்களும் ஏராளமாய்க் கிடந்தன. மூளையில் நோய் இருந்தது, வாழ்க்கையில் இருக்கவில்லை. அதே ஆராய்ச்சியில், இப்படிவுகளோடு சிறு பக்கவாதங்களும் சேர்ந்தவர்களே மறதிக்குள் அதிகம் வீழ்ந்திருந்தார்கள் என்பதும் தெரியவந்தது.

இதிலிருந்து இரண்டு பிழைகளைத் தவிர்க்கலாம். ஒன்று, நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர் பயத்தினால் ஸ்கானுக்கு ஓடுவது. நினைவு சரியாக உள்ள முதியவர் பலரின் மூளையிலும் அமிலோயிட் இருக்கிறது. அவர்களுள் எத்தனையோ பேர் மறதி காணாமலே கண்மூடுவார்கள். மற்றது இதைவிடக் கொடியது. “ஸ்கானில் ஒன்றுமில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார், ஆகையால் அம்மா வேண்டுமென்றே செய்கிறா” என்று நினைப்பது. ஆரம்ப நிலையில் சி.ரி. படம் சுத்தமாகவே இருக்கலாம். கட்டியும் இரத்தக் கசிவும் இல்லை என்பதே அந்த வார்த்தையின் பொருள். அம்மா நடிக்கிறா என்று எந்த இயந்திரமும் சொல்லாது. நோய் எதுவென்று தீர்மானிப்பது படம் மாத்திரமல்ல. வீட்டார் சொல்லும் வரலாறு, நினைவுப் பரிசோதனை, இரத்தப் பரிசோதனை ஆகியவற்றோடு படத்தையும் சேர்த்துப் பார்க்கும் வைத்தியரே தீர்மானிக்கிறார்.

நம்மைப் போன்ற ஊர்களில்

உலகில் டிமென்சியா நோயாளரில் மூன்றில் இரண்டு பங்கினர் வளர்முக நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் பத்தில் ஒரு பங்குகூட அவர்களைப் பற்றி நடக்கவில்லை என்று முறையிட்டு, அந்த எண்களையே பெயராகக் கொண்டு ‘10/66’ என்றொரு ஆராய்ச்சிக் குழு முன்னர் தோன்றியது. சென்னையும் அதன் களங்களில் ஒன்று. நம் நாட்டில் ராகமைப் பகுதியில் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வொன்று, 65 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 4 பேரளவில் டிமென்சியா இருப்பதைக் கண்டது.

கிராமத்தாருக்கு மூளைப் படம் எட்டாக்கனி என்ற எண்ணத்தை மாற்றும் முயற்சியொன்று கர்நாடகத்தில் நடக்கிறது. கோலார் மாவட்டத்தில் சீனிவாசபுரம் என்பது மாம்பழத்துக்குப் பெயர்போன தாலுகா. அங்குள்ள கிராமங்களில் 45 வயதுக்கு மேற்பட்ட, நினைவு சரியாக உள்ளவர்களை, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த மூளை ஆராய்ச்சி நிலையம் 2018 முதல் சேர்த்து வருகிறது. 10,000 பேரை அணைப்பது நோக்கம். இரத்தம், நினைவாற்றல், மூளையின் எம்.ஆர்.ஐ. எல்லாம் பார்த்து, வருடக் கணக்காகத் தொடர்ந்து கவனிக்கிறார்கள். விவசாயிகளையும் கூலியாட்களையும் வாகனத்தில் ஏற்றிப் பெங்களூர் கொண்டுபோய்ப் பரிசோதிக்கிறார்கள். வெள்ளையரின் மூளையை அளந்து எழுதிய அளவுகோல் நம் மூளைக்கும் பொருந்துமா, எழுத்தறியாதவரின் நினைவை எந்தக் கேள்வியால் சோதிப்பது என்பவற்றுக்கெல்லாம் இத்தகைய முயற்சியிலிருந்தே விடை வரவேண்டும். “இன்று என்ன திகதி?” என்ற கேள்விக்கு மறுமொழி சொல்லத் தெரியாத கிழவி, “இன்றைக்கு வளர்பிறையா தேய்பிறையா?” என்றால் உடனே சொல்லுவார். கேட்பவருக்கு ஊர் தெரிந்திருக்க வேண்டும்.

தீவுப்பகுதி மக்களின் நிலை இன்னும் ஒரு விதத்தில் சிக்கலானது. 1990, 1991ஆம் ஆண்டுகளில் ஊரோடு இடம்பெயர்ந்தோம். பலர் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் அலைந்து, கனடாவிலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் கரையேறினார்கள். இங்கே திரும்பிய முதியோருக்குப் பேச்சுத்துணையில்லை. அங்கே போன முதியோருக்குப் பாஷையில்லை. ரொறன்ரோவில் ஸ்கான் அருகில் இருக்கிறது. பிற்காலத்தில் கற்ற ஆங்கிலம் முந்தி அழிந்து, தாய்மொழி மாத்திரம் மிஞ்சும் நோயாளியிடம் நெடுந்தீவுத் தமிழிலே கேள்வி கேட்க ஆளில்லை. நெடுந்தீவிலே கேள்வி கேட்க ஆளுண்டு. ஸ்கானுக்குக் கடல் தாண்ட வேண்டும்.

அப்படியானால் நாம் எங்கே தொடங்குவது? கடல் தாண்டாமலே தொடங்கலாம். ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலையிலோ உங்கள் தீவின் பிரதேச வைத்தியசாலையிலோ முதலில் காட்டுங்கள். இரத்த அழுத்தம், சீனி, தைரொயிட், விற்றமின் பீ12, இரத்தத்தில் உப்பின் அளவு ஆகியவற்றைப் பார்க்கச் செய்யுங்கள். இவற்றில் குறைபாடு இருந்தால் மறதி உண்டாகலாம். அது மருந்துக்குக் கேட்கும். மனச்சோர்வும் மறதி வேடம் போட்டு வரும். போரில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருவர் பேசாது உண்ணாது இருப்பதை அறளை என்று தள்ளிவிடக்கூடாது. காது கேளாமையையும் கண்ணில் வெண்புரையையும் கவனியுங்கள். 2024இல் ‘லான்செற்’ மருத்துவ சஞ்சிகையின் ஆணைக்குழு, திருத்தக்கூடிய 14 காரணங்களைச் சொல்லி, அவை யாவும் நீங்கினால் உலகின் டிமென்சியாவில் ஏறத்தாழ 45 வீதத்தைத் தடுக்கவோ பிற்போடவோ முடியும் எனக் கணித்தது. காதும் கண்ணும் அழுத்தமும் சீனியும் புகையும் குடியும் தனிமையும் அதில் அடங்கும். நேற்று வரை சரியாயிருந்தவர் இரண்டொரு நாளில் தடுமாறினால், அது பெரும்பாலும் காய்ச்சலாலோ சிறுநீர்க் கிருமியாலோ மாத்திரையாலோ வந்த கலக்கம். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும்.

இத்தனைக்கும் பின், விழுந்து தலையடிபட்டவர், நடை மாறியவர், ஒரு பக்கம் பலங்குன்றியவர், 65 வயதுக்கு முன்பே மறதி கண்டவர், சில மாதங்களிலேயே வேகமாகக் கெடுபவர் ஆகியோருக்கு ஸ்கான் அவசரம். மற்றவர்களுக்கு எது வேண்டுமென்று யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் நரம்பியல், உளமருத்துவப் பிரிவினர் சொல்லுவார்கள். கொழும்பில் 2001இல் ஆரம்பித்த லங்கா அல்சைமர் மன்றமும் குடும்பங்களுக்கு வழிகாட்டுகிறது.

அறிந்து என்ன பயன்?

மாற்ற முடியாத நோயை முந்தி அறிந்து என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நோயின் ஆரம்பத்தில் உள்ளவர்களுக்கென்று லெக்கனிமாப், டொனனிமாப் என்னும் மருந்துகள் அமெரிக்காவில் முறையே 2023, 2024ஆம் ஆண்டுகளில் முழு அனுமதி பெற்றன. இவை அமிலோயிட்டைக் கழுவி நோயின் ஓட்டத்தை ஓரளவு மெதுவாக்கும். லெக்கனிமாப் பரிசோதனையில் 18 மாதத்தில் நலிவு 27 வீதம் குறைவாயிருந்தது. நின்றுவிடவில்லை, குணமாகவுமில்லை. எட்டுப் பேரில் ஒருவருக்கு மூளையில் வீக்கம் ஸ்கானில் தெரிந்ததால், அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டே கொடுக்க வேண்டும். நம் தீவுகளுக்கு இன்று இது மருந்தென்று சொல்ல மாட்டேன்.

பயன் வேறிடத்தில் இருக்கிறது. காணி உறுதியை யார் பெயரில் எழுதுவது, வங்கிப் புத்தகத்தை யார் பார்ப்பது, கண் தெரியாமற் போனால் யாரோடு இருப்பது என்பவற்றை ஆச்சி தாமே, தெளிந்த புத்தியோடு, சொல்லக்கூடிய காலம் ஒன்று உண்டு. அக்காலம் கடந்தபின் எழுதும் உறுதி வழக்காகும்; வழக்கு பகையாகும். நோயை அவருக்கு மறைத்து, பிள்ளைகள் தமக்குள்ளே குசுகுசுப்பதும் சரியன்று. தம் உடம்பைப் பற்றி அறியவும், அறிய வேண்டாமென்று சொல்லவும் உரிமை அவருடையது. ஸ்கானுக்கு முன் அவருடைய சம்மதத்தைக் கேளுங்கள்.

ஆத்தும காரியமும் அப்படியே. நல்ல பாவசங்கீர்த்தனம் செய்ய மனம் தெளிவாயிருக்கும்போதே சுவாமியாரை அழையுங்கள். நோயிற்பூசுதல் மரணப் படுக்கைக்கு மட்டும் உரியதென்ற பழைய எண்ணம் இன்னும் நம்மிடையே இருக்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி, நோயாலோ முதுமையாலோ ஆபத்து தொடங்கும்போதே அதைப் பெறலாம். புத்தி தெளிவாயிருந்த காலத்தில் உட்கிடையாகவேனும் அதை விரும்பியிருக்கக்கூடியவருக்குப் பின்னரும் கொடுக்கலாம். சீராக் ஆகமம் மூன்றாம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். தகப்பனுக்கு அறிவு குன்றினாலும் பொறுத்துக்கொள்ளும்படி மகனிடம் கேட்கும் இடம் அங்கே இருக்கிறது. டிமென்சியா என்ற பெயர் தெரியாத காலத்திலும் அந்த வீடு இருந்திருக்கிறது.

செபமாலையைக் கையிற் கொடுத்துப் பாருங்கள். மகனின் பெயர் வராத வாயில் அருள்நிறை மந்திரம் பிசகாமல் வரும். தவசு காலத்தில் வியாகுலப் பிரசங்கம் படித்துப் பழகியவர், முன்னே ஒருவர் எடுத்துக் கொடுத்தால் இராகத்தோடு தொடருவார். கூத்தாடிய அண்ணாவியார் வரவுப் பாட்டை மறவார். ஆயிரந்தரம் சொல்லிப் பழகியவை அந்தக் கடற்குதிரையின் வாசலை நம்பியிருப்பவை அல்ல.

பயணத்துக்கு முன் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்: மறதி எந்த மாதம் தொடங்கியது, முதலில் எதை மறந்தார், எப்போது விழுந்தார், என்னென்ன மாத்திரை குடிக்கிறார். மாத்திரைப் பெட்டிகளையும் மூக்குக்கண்ணாடியையும் கொண்டுபோங்கள். உடம்பில் இதயத்துடிப்புக் கருவியோ இரும்புத் துண்டோ ஷெல் சன்னமோ இருந்தால் எம்.ஆர்.ஐ. அறைக்கு வெளியிலேயே சொல்லுங்கள். நம் ஊரவர் பலரின் உடம்பில் சன்னம் இன்னும் இருக்கிறது, மறதியுள்ளவர் அதைத் தாமாகச் சொல்லமாட்டார். இயந்திரம் பறையடிப்பதுபோலச் சத்தமிடும், நோவாது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். நெடுந்தீவார் அன்றைக்கே திரும்பலாமென்று நம்பிப் புறப்படவேண்டாம். பட்டினத்தில் ஓர் இரவு தங்க உறவினர் வீட்டில் சொல்லி வையுங்கள். ஆச்சிக்குப் பழக்கமான தலையணையையும் எடுத்துக்கொள்ளுங்கள். புதிய இடத்தில் இராவிலே எழும்பினால், “அம்மா, நான் பக்கத்தில்தான் படுத்திருக்கிறேன்” என்று சொல்ல ஒரு பிள்ளை அருகில் இருக்கட்டும்.